எச்பாரா, அதில் பாதியா? நேரம்–ஆற்றல் கணக்கில் எதை எடுப்பது

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் இயற்பியல் படிக்க வருகிறார்கள். நெட், ஜாம், டிஆர்பி என்று ஆளுக்கொரு தேர்வு. போன மாதம் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வரும் பையன் ஒருவன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "சார், இதுல எதுங்க சார் சரி? மூணு எடத்துல மூணு விடை போட்டிருக்குதுங்க" என்றான்.

கணக்கு சாதாரணமானது. ஓர் அணு கிளர்வு நிலையில் சராசரியாக 10⁻⁸ வினாடி இருக்கிறது. அது வெளியிடும் ஒளியின் அதிர்வெண்ணில் நிச்சயமின்மை எவ்வளவு? நேரத்தையும் ஆற்றலின் நிச்சயமின்மையையும் பெருக்கினால் எச் என்ற ப்ளாங்க் மாறிலியை ஒட்டிய ஓர் எண் வரும் என்பதுதான் நேரம்–ஆற்றல் உறவு, அது எந்த எண் என்பதில்தான் சண்டை. ப்ளஸ் ஒன் வேதியியலில் படித்த எச்/4பை-யைப் போட்டால் 8 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. எச்பார், அதாவது எச்/2பை, போட்டால் 16 (எச்/4பை என்பது இதில் பாதி, எச்பார்/2). வெறும் எச் போட்டால் 100. தோராயம்தானே, எதைப் போட்டால் என்ன என்று நழுவவும் முடியாது. சின்ன விடைக்கும் பெரிய விடைக்கும் பன்னிரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது, கொள்குறி வினாவில் மூன்றும் அழகாக வரிசையில் நிற்கும்.

இடம்–உந்தம் உறவில் இந்தச் சிக்கல் வருவதில்லை. அங்கே இரண்டுக்கும் ஆப்பரேட்டர், அதாவது அந்த அளவைக் குறிக்கும் கணிதக் கருவி, உண்டு, இரண்டுக்கும் திட்டவிலக்கம் உண்டு, பெருக்கல் எச்பார்/2-க்குக் கீழே போகாது. கதை முடிந்தது. நேரத்துக்கு அப்படி ஓர் ஆப்பரேட்டர் கிடையாது. ஆற்றலுக்குக் கீழ் எல்லை ஒன்று இருக்கும்வரை அப்படி ஒன்றை முறையாக அமைக்க முடியாது என்று இயற்பியலாளர் பௌலி 1933-இலேயே எழுதிவிட்டார். அதனால் இந்த உறவில் நேரத்துக்கு டெல்டா டி என்று எழுதும்போது அது எதனுடைய நேரம் என்பதைக் கணக்குப் போடுகிறவர்தான் சொல்லியாக வேண்டும். ஒரு நிலையின் ஆயுளா, ஒரு சராசரி நகர எடுக்கும் நேரமா, ஒரு துடிப்பின் நீளமா, அல்லது நாமே கற்பனை செய்துகொண்ட ஓர் இடைவெளியா? நான்கும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருகின்றன. உள்ளே இருக்கும் ஆள் வேறு வேறு.

முதலில் ஆயுள். பையன் கொண்டுவந்த கணக்கு இந்த வகை. தேர்வில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவையும் இந்த வகைதான் என்பது என் அனுபவம். சிதையும் நிலை ஒன்று மிஞ்சியிருக்கும் நிகழ்தகவு சராசரி ஆயுளான டௌவை வைத்து அடுக்குக்குறியாகக் குறைகிறது. நிகழ்தகவு என்பது வீச்சின் வர்க்கம், ஆகவே வீச்சு அதில் பாதி வேகத்தில்தான் குறையும். அந்த வீச்சை ஃபூரியர் மாற்றம் செய்தால், அதாவது அதில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்தால், லாரன்ஸ் வடிவத்தில் ஒரு பட்டை வருகிறது. அதன் பாதி உயரத்தில் முழு அகலத்தை அளந்தால் சரியாக எச்பார்/டௌ. இதைத்தான் காமா என்கிறோம்.

கவனிக்க வேண்டிய விஷயம், இங்கே சமன்குறிதான் இருக்கிறது. "குறைந்தபட்சம்" என்ற பேச்சே இல்லை. காமா × டௌ = எச்பார், அவ்வளவுதான். இந்த லாரன்ஸ் பட்டைக்குத் திட்டவிலக்கம் கணக்கிட உட்கார்ந்தால் அது முடிவிலிக்குப் போய்விடும், வால் அவ்வளவு நீளம். திட்டவிலக்கங்களுக்கு எழுதிய எச்பார்/2 விதியை இங்கே கொண்டுவந்தால் "முடிவிலி, எச்பார்/2-ஐ விடப் பெரியது" என்று சொல்லும். உண்மைதான், ஆனால் அதை வைத்து என்ன செய்வது?

இப்போது பையனின் மூன்று விடைகளைத் திரும்பப் பார்த்தால் வேடிக்கை தெரியும். 16 மெகாஹெர்ட்ஸ் என்பது பட்டையின் முழு அகலம். 8 என்பது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு அளந்த அரை அகலம். அந்தப் பாதி, எச்பார்/2 விதியிலிருந்து வந்த பாதி அல்ல. நிகழ்தகவுக்கும் வீச்சுக்கும் இடையில் இருக்கும் பாதி. தற்செயலாக இரண்டும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன, அதனால்தான் 8 என்று போட்ட இடமும் பெரிதாகத் தப்பு செய்ததுபோல் தெரிவதில்லை. 100 மட்டும் 2பை-யைத் தொலைத்த விடை.

சோதனையை வைத்தே இதைத் தீர்த்துக்கொள்ளலாம். பழைய தெருவிளக்குகளில் எரிந்த மஞ்சள் சோடியம் ஒளிதான் உதாரணம். 589 நானோமீட்டரில் ஒளிவிடும் அந்தக் கிளர்வு நிலையின் ஆயுள் சுமார் 16.2 நானோவினாடி. எச்பார் வழியில் 9.8 மெகாஹெர்ட்ஸ் வருகிறது. லேசரால் அணுக்களைக் குளிர்விக்கும் ஆய்வகங்கள் சோடியத்துக்குப் பயன்படுத்தும் இயல்பு அகலம் அதுதான். ஆனால் சாதாரண அறையில், சாதாரணக் கருவியால் அந்த அகலத்தைப் பார்க்க முடியாது. 300 கெல்வினில் அணுக்கள் ஓடும் ஓட்டத்தில் டாப்ளர் விளைவு மட்டுமே சுமார் 1.3 கிகாஹெர்ட்ஸ் அகலம் கொடுத்து, இயல்பு அகலத்தை நூறு மடங்குக்கும் மேல் மூடி மறைத்துவிடும். "பட்டையின் அகலம் இவ்வளவு, ஆயுளைக் கண்டுபிடி" என்று கேட்கும் கேள்வியில் வாயு, வெப்பநிலை என்ற சொற்கள் தட்டுப்பட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படிப்பது நல்லது. இறங்கிவரும் கீழ்நிலையும் சிதையக்கூடியதென்றால் அதன் அகலத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இதையும் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

துகள் இயற்பியலில் இதே சமன்பாட்டைத் தலைகீழாக ஓட்டுகிறார்கள். இசட் போசான் என்ற துகளின் அகலம் சுமார் 2.495 கிகா எலக்ட்ரான் வோல்ட் என்று செர்ன் ஆய்வகத்தில் அளந்தார்கள். எச்பாரின் மதிப்பு 6.582 × 10⁻¹⁶ எலக்ட்ரான் வோல்ட் வினாடி. வகுத்தால் ஆயுள் 2.6 × 10⁻²⁵ வினாடி. இதை அளக்கக் கடிகாரம் எங்கும் கிடையாது, அகலமே கடிகாரம். ஆயுள் மிகக் குறைவென்றால் அகலத்தை அள, ஆயுள் நீளமென்றால் நேரத்தை அள என்று நான் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

அடுத்து எச்பார்/2. இதை ஒழுங்காக நிறுவியவர்கள் மாண்டல்ஸ்டாமும் டாம்மும், 1945-இல். இங்கே டெல்டா டி என்பது நாம் கவனிக்கும் ஏதோ ஓர் அளவின் சராசரி, அதன் சொந்தத் திட்டவிலக்கம் அளவுக்கு நகர எடுக்கும் நேரம். இப்படிச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை. ஈரோட்டு மஞ்சள் சந்தையை வைத்துத்தான் நான் சொல்வேன். ஒரே நாளில் ஒரே சந்தையில் குவிண்டால் விலை ஆளுக்கு ஆள் ஐந்நூறு ரூபாய் முன்னே பின்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சராசரி நேற்றைவிட ஐம்பது ரூபாய் கூடிவிட்டது. விலை ஏறிவிட்டது என்று எந்த விவசாயியாவது சொல்வாரா? சராசரியே ஐந்நூறு நகர்ந்தால்தான் "ஏறிப்போச்சுங்க" என்பார். அதற்குப் பத்து நாள் ஆனால் அந்தப் பத்து நாள்தான் டெல்டா டி. மஞ்சளுக்கு ஒரு டெல்டா டி, தேங்காய்க்கு வேறு டெல்டா டி. குவாண்டத்திலும் அப்படியே. எந்த அளவைக் கவனிக்கிறோமோ அதற்கு ஏற்ப நேரம் மாறும், ஆனால் எதைக் கவனித்தாலும் ஆற்றலின் திட்டவிலக்கத்தோடு பெருக்கினால் எச்பார்/2-க்குக் கீழே இறங்காது. (சந்தைக்கும் குவாண்டத்துக்கும் உள்ள ஒற்றுமை டெல்டா டி-யின் இலக்கணத்தோடு நிற்கிறது. சந்தைக்கு எச்பார் கிடையாது.)

இந்த வடிவம் கைகொடுக்கும் இடம் "எவ்வளவு சீக்கிரம் மாறும்" என்ற கேள்வி. அம்மோனியா மூலக்கூறு நல்ல உதாரணம். நைட்ரஜன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய் வருகிறது, அதிர்வெண் சுமார் 23.87 கிகாஹெர்ட்ஸ். 1954-இல் டௌன்ஸ் குழு மேசரை (நுண்ணலையில் இயங்கும் லேசர் போன்றது) ஓட்டியது இந்த இரு மட்டங்களை வைத்துத்தான். ஒரு பக்கத்தில் இருக்கும் நிலை என்பது இரண்டு ஆற்றல் மட்டங்களின் சமக் கலவை. ஆற்றலின் திட்டவிலக்கம் மட்ட இடைவெளியில் பாதி. ஒரு நிலை தனக்குச் செங்குத்தான நிலைக்குப் போய்ச்சேர, எச்பாரைப் பையால் பெருக்கித் திட்டவிலக்கத்தின் இருமடங்கால் வகுத்து வரும் நேரமாவது ஆகவேண்டும் என்று மாண்டல்ஸ்டாம்–டாம் வழி சொல்கிறது. போட்டுப் பார்த்தால் 21 பிக்கோவினாடி. நேரடியாக அலைச் சார்பை ஓட்டினாலும் அதே 21 பிக்கோவினாடி, அதாவது ஒரு சுழற்சியில் பாதி. எல்லையில் சரியாகப் போய் உட்காருகிறது. இங்கே ஆயுள் வாய்பாட்டைப் போட்டிருந்தால்? எதுவுமே சிதையவில்லை, டௌ என்று எதை எழுதுவது?

துடிப்புகளின் விஷயம் உண்மையில் குவாண்டத்துக்கு முந்தையது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கொட்டகைக்குள் நின்றவர்களுக்கு இது காதிலேயே இருக்கும். அருகருகே இரண்டு தறி. ஒன்று நிமிடத்துக்கு 120 ஓட்டம், இன்னொன்று 123 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வினாடி கேட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 20 வினாடிக்கு ஒருமுறைதான் இரண்டும் சேர்ந்து அடித்துப் பிரிந்து மறுபடி சேரும். அந்த அளவாவது காது கொடுத்தால்தான் வேகம் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியும். அதிர்வெண் வேறுபாட்டையும் கேட்ட நேரத்தையும் பெருக்கினால் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். அதிர்வெண்ணை எச்-ஆல் பெருக்கி ஆற்றலாக்கினால் நம் உறவு வந்துவிடுகிறது.

லேசர் துடிப்புக் கணக்கில் இதைத்தான் எடுக்க வேண்டும். காஸ் வடிவத் துடிப்பில் இரண்டு அகலங்களையும் பாதி உயரத்தில் அளந்தால் பெருக்கல் 0.441. 800 நானோமீட்டரில் 100 ஃபெம்டோவினாடித் துடிப்பென்றால் 4.4 டெராஹெர்ட்ஸ், அலைநீளத்தில் சுமார் 9.4 நானோமீட்டர். இந்த 0.441-ஐ எச்பாரில் சொன்னால் 2.77 வரும். ஆனால் அதே துடிப்பைத் திட்டவிலக்கத்தில் அளந்தால் கச்சிதமாக எச்பார்/2. துடிப்பு மாறவில்லை, அகலத்தை அளக்கும் கோல்தான் மாறியது. எச்-ஆ எச்பாரா என்ற சண்டையில் முக்கால்வாசி இந்தக் கோல் சண்டைதான் என்று எனக்குப் படுகிறது.

கடைசியாகக் கடன் கதை. எல்லோருக்கும் பிடித்தது இதுதான். வெற்றிடத்திலிருந்து ஆற்றலைக் கடன் வாங்கலாம், பெரிய தொகை என்றால் சீக்கிரம் திருப்பிக் கட்டணும், சின்னத் தொகை என்றால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். கரூர், நாமக்கல் பக்கம் ஃபைனான்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே முகம் மலரும். ஒரு பெண் கேட்டாள், "வட்டி யாருங்க சார் கட்டுறது?" நல்ல கேள்வி. வட்டியும் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை. ஆற்றல் அழிவின்மை விதி எந்த நிமிடத்திலும் விடுமுறை எடுப்பதில்லை. துகள்களின் வினைகளை வரைந்து கணக்கிடும் ஃபைன்மன் படங்களில் ஒவ்வொரு சந்திப்பிலும் ஆற்றலும் உந்தமும் சரியாகத்தான் கணக்குத் தீரும். நடுவில் வரும் மாயத் துகளுக்கு வழக்கமான நிறை உறவு பொருந்தாது, அவ்வளவே.

ஆனாலும் இந்தக் கதையை முழுக்கத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை, காரணம் பயான் என்ற துகள். அணுக்கரு விசை எட்டும் தூரத்தை வைத்து அதைச் சுமக்கும் துகளுக்கு எலக்ட்ரானைப் போல 200 மடங்கு நிறை இருக்க வேண்டும் என்று 1935-இல் யுகாவா சொன்னார். சில வருடங்களிலேயே 207 மடங்கு நிறையோடு மியூவான் வந்து நின்று எல்லோரையும் ஏமாற்றியது. அது வேறு ஆள். உண்மையான பயான் 1947-இல்தான் கிடைத்தது. கணக்கு எளிது. எச்பார் × ஒளிவேகம் என்பது 197 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). தூரம் 1.4 ஃபெர்மி என்றால் 141 மெகா எலக்ட்ரான் வோல்ட், மின்னூட்டப் பயானின் உண்மை மதிப்பு 139.6. பார்க்கும்போது புல்லரிக்கும். ஆனால் என் மாணவர்களில் கெட்டிக்காரன் ஒருவன் "குறைந்தபட்சம் என்றால் எச்பார்/2 தானே" என்று கண்டிப்பாகப் போட்டு 70 கொண்டுவந்தான். கதைக்குள்ளேயே நின்று பார்த்தால் அவன் செய்ததில் தப்பு சொல்ல முடியாது! எச்பார் ஏன் வருகிறது என்பதற்கான காரணம் கதையில் இல்லை. யுகாவாவின் நிலையாற்றலில் தூரத்தோடு தேயும் அடுக்குக்குறியில் எச்பார்/(நிறை × ஒளிவேகம்) என்ற நீளம் நேராக உட்கார்ந்திருக்கிறது, அங்கிருந்து வருகிறது. விடை தெரிந்த பிறகு கதை சரியாகப் பொருந்தும். விடை தெரியாதபோது கதையை நம்பினால் மடங்குக் கணக்கில் எது வேண்டுமானாலும் வரலாம்.

ஏறித் தாண்ட ஆற்றல் போதாத தடுப்பைத் துகள் ஊடுருவிப் போகும் டன்னலிங்கில் இது இன்னும் மோசம். ஓர் எலக்ட்ரானுக்குத் தடுப்பு 1 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் நிற்கிறது, அகலம் 1 நானோமீட்டர். கடன் கதைப்படி 1 எலக்ட்ரான் வோல்ட்டை எச்பார்/2 விதி அனுமதிக்கும் 3.3 × 10⁻¹⁶ வினாடிக்கு வாங்கிக்கொண்டு அந்த வேகத்தில் ஓடினால் 0.195 நானோமீட்டர்தான் போக முடியும். ஆக, தாண்டாது. ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் போட்டால் அலைச் சார்பு தேயும் நீளமும் அதே 0.195 தான், அந்த அளவில் கதைக்கு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் எலக்ட்ரான் தாண்டுகிறது, லட்சத்துக்கு மூன்று நான்கு என்ற ஒழுங்கில். டன்னலிங் நுண்ணோக்கி ஓடுவதே இப்படிக் கசிந்து வரும் எலக்ட்ரான்களை நம்பித்தான். தாண்டும் நிகழ்தகவு கேட்டிருந்தால் நேரம்–ஆற்றல் உறவைத் தொடவே வேண்டாம்.

தொடவே கூடாத இடங்கள் இன்னும் இரண்டு உண்டு. பெட்டிக்குள் துகளின் தாழ்நிலை ஆற்றலை இந்த உறவால் மதிப்பிடப் பார்க்கிறார்கள். நிலையான நிலையில் ஆற்றலின் பரவல் பூஜ்யம், எதுவும் நகராது, டெல்டா டி முடிவிலி. அதற்கு இடம்–உந்தம் போதும். இன்னொன்று, ஆற்றலை இவ்வளவு துல்லியமாக அளக்க இவ்வளவு நேரம் ஆகியே தீரும் என்ற பேச்சு. ஆற்றலின் வடிவம் முன்பே தெரிந்த அமைப்பில் அதை எவ்வளவு குறைந்த நேரத்திலும் துல்லியமாக அளக்கலாம் என்று 1961-இல் அஹரோனோவும் போமும் காட்டினார்கள். வெறுமனே காது கொடுப்பதுதான் அளக்கும் ஒரே வழி என்று இருந்தால்தான் தறிக் கொட்டகையின் விதி அங்கேயும் செல்லும்.

சரி, தேர்வு அறையில் இவ்வளவு யோசிக்க நேரம் ஏது. நான் சொல்லித் தருவது, வினாவின் சொல்லைப் பார். "இயல்பு அகலம்", "சிதைவு அகலம்" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எச்பார்/டௌ. "குறைந்தபட்ச நிச்சயமின்மை" என்று எழுதியிருந்தால், ஆயுள் கொடுத்திருந்தால்கூட, கேள்வி போட்டவர் மனதில் எச்பார்/2 இருக்கிறது. இயற்பியலாக அது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மதிப்பெண் அவர் கையில். "ஒழுங்கு அளவு" என்றால் எச்பார் போட்டு, விடைகளுக்குள் பத்து மடங்கு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளிடம் மட்டும் இதில் எதையும் மனப்பாடம் செய்யாதே, வீச்சை எழுதி ஃபூரியர் மாற்றம் செய், ஐந்து நிமிடம்தான் என்பேன்.

பையன் அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு நானே ஒரு கணக்குக் கொடுத்தேன். இரும்பு-57 அணுக்கருவின் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் நிலை, அரை ஆயுள் 98.3 நானோவினாடி. இயல்பு அகலம் என்ன? 1960-இல் பவுண்டும் ரெப்காவும் ஒரு கோபுரத்தின் உயரத்துக்குள் ஈர்ப்பால் ஒளியின் அதிர்வெண் மாறுவதை அளந்தது இந்த நிலை வெளியிடும் கதிரின் மெல்லிய அகலத்தை நம்பித்தான்.

மூன்று பேர் 6.7 × 10⁻⁹ எலக்ட்ரான் வோல்ட் என்று எழுதியிருந்தார்கள். எச்பார் சரியாகத்தான் போட்டிருந்தார்கள், அரை ஆயுளை அப்படியே சராசரி ஆயுளாக எடுத்துவிட்டார்கள். இவன் நோட்டில் முதலில் 0.693-ஆல் வகுத்து 142 நானோவினாடி, அப்புறம் 4.64 × 10⁻⁹. அதற்குக் கீழே, நான் கேட்காமலேயே, இந்த அகலத்தை டாப்ளர் விளைவால் கடக்க மூலத்தை எவ்வளவு வேகத்தில் நகர்த்த வேண்டும் என்றும் போட்டிருந்தான். வினாடிக்கு 0.097 மில்லிமீட்டர். "இது எறும்பு போற வேகம்கூட இல்லீங்க சார்" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்.